உயிரேற்றிய கார்டு

வாத்தியக் கடைத் தெருவில் அன்று கால் வைக்க இடமில்லை. கிட்டார் சுமந்தவர்கள், வயலின் பெட்டியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டவர்கள், இருவராகச் சேர்ந்து ஆர்மோனியம் தூக்கி வந்தவர்கள் என்று வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்து நின்றது. போக்குவரத்துக் காவலர் விசிலடித்து ஓய்ந்துபோனார். எதையாவது இலவசமாகக் கொடுக்கிறார்களோ என்று வழிப்போக்கர்கள் எட்டிப் பார்த்தார்கள். அட, கொடுக்கத்தான் இவ்வளவு பேரும் வந்து நின்றார்கள்!

அங்கே ஒரு வாத்தியக் கடையின் மாடியில் நாதகுரு இறங்கியிருந்தார். எங்கிருந்து இறங்கினார் என்று கேட்டால் பக்தர்கள் வானத்தைக் காட்டுவார்கள். அதற்கு முன் அவர் வீடு வீடாக ஃபிரிட்ஜ் விற்றுக்கொண்டிருந்தார் என்பதை யாரும் காட்டமாட்டார்கள். இப்போது முடி தோள்வரை வளர்ந்துவிட்டது. வெள்ளி நிற அங்கி. குரலில் எப்போதும் லேசான எதிரொலி. அங்கிக்குள் இருந்த மைக்கின் உபயம்.

அவர் கண்டுபிடித்த சங்கதி இதுதான். பழைய வாத்தியத்துக்கு உயிர் உண்டு. மின்சார கீபோர்டுக்கு அது கிடையாது, வெறும் சத்தம். ஆகவே பழைய வாத்தியத்தின் உயிரை உருவி, கீபோர்டுக்குக் கூடுதல் ஒலி சேர்க்க விற்கிற விரல் நீள எக்ஸ்பான்ஷன் கார்டில் ஏற்றி, புது கீபோர்டின் வயிற்றில் செருகிவிட்டால் போதும். புது ஒலி ஒன்றும் வராது, இருக்கிற ஒலிக்கே உயிர் வந்துவிடும். சரி, உயிர் போன பழைய வாத்தியம்? அது சக்கை. சக்கை வீட்டில் கிடந்தால் வாசிப்பவரின் விரல் மரத்துப்போகும். எனவே குரு பெரிய மனது பண்ணி அதைத் தாமே எடுத்துக்கொள்வார். போனால் போகிறது என்று கொஞ்சம் காணிக்கையும் வாங்கிக்கொள்வார்.

இதை ஒரு காய்கறிக் கடையில் சொல்லியிருந்தால் கத்தரிக்காயால் அடித்திருப்பார்கள். அவர் சொன்னது இசைக்காரர்களிடம். "என் வயலினுக்கு உயிர் இருக்குங்க" என்று வாழ்நாள் முழுக்க வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லித் திரிகிற கூட்டம் அது. அவர்களுடைய செல்லப் பேச்சையே எடுத்து, அங்கி மாட்டி, அவர்கள் தலையிலேயே கட்டினார் மனிதர்.

அந்த வரிசையில் நம் கீபோர்டுக்காரரும் நின்றார். நாடக அரங்கில் வாசிக்கிறவர். ஆசை ஆசையாகப் புது கீபோர்டு வாங்கி ஒத்திகைக்குக் கொண்டுபோன அன்றே இசையமைப்பாளர் முகத்தைச் சுளித்துவிட்டார்.

"என்னய்யா இது, வயலின் கேட்டா கொசு கத்துது? கார்டு ஏதாவது போட்டுச் சரி பண்ணு. இல்லேன்னா அடுத்த நாடகத்துக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

சொன்னது நியாயம்தான். கடையில் அதற்கென்று கார்டுகளும் இருந்தன. ஒன்றில் வயலின் கூட்டிசை, ஒன்றில் பியானோ ஒலிகள், இன்னொன்று நினைவகத்தைப் பெருக்குகிற மெமரி கார்டு. வாங்க முடிந்தது ஏதாவது ஒன்றைத்தான். எதை வாங்குவது? அவர் இணையத்தில் படித்தார். ஒருவர் அமுதம் என்றதை அடுத்தவர் குப்பை என்றார். கடை வாசலில் போய் நின்றார், திரும்பினார், மறுபடி போய் நின்றார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட மனிதர் இவ்வளவு யோசிக்கவில்லை. யோசித்து யோசித்துத் தலை கனத்துப்போனவனுக்கு, அந்தத் தலையை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தால் எப்படி இருக்கும்?

கடைக்காரர் அந்த இடத்தைக் காட்டினார். "இதெல்லாம் சத்தம் சார். விக்கிறவன் நானே சொல்றேன். உங்களுக்கு உயிர் வேணும்னா மாடிக்குப் போங்க." தன் சரக்கைத் தானே குறை சொல்கிற கடைக்காரரைக் கண்டால் பர்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீபோர்டுக்காரரோ, என்ன நேர்மை என்று உருகிப்போய்ப் படியேறினார்.

மேலே மேடையில் ஒரு கீபோர்டு. சிஷ்யன் ஒருவன் அதில் ஒரு மெட்டை வாசித்தான். சுமார்தான். பிறகு வயலின்காரர் ஒருவர் முன்னால் வந்து, செத்துப்போன தன் அப்பாவின் வயலினைக் குருவிடம் கொடுத்தார். வயலினையும் ஒரு தங்கநிறக் கார்டையும் கறுப்புப் பட்டில் சுற்றி, குரு "ம்ம்ம்ம்" என்று முனகினார். கார்டு கீபோர்டுக்குள் போனது. சிஷ்யன் அதே மெட்டை வாசித்தான். ஆகா! கூடமே நிறைந்தது. "அப்பா!" என்று வயலின்காரர் விசும்பினார். பின்வரிசை வரைக்கும் விசும்பல் பரவியது. கீபோர்டுக்காரருக்கும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. அழுத சூட்டோடு வீட்டுப் பியானோவைத் தருவதாக ஒப்புக்கொண்டு இறங்கினார்.

விஷயம் வீட்டில் வெடித்தது.

"பியானோவையா? சனிக்கிழமை வந்து தூக்கிட்டுப் போவாங்களா?" மகள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "அப்பா, அடுத்த மாசம் எனக்கு மியூசிக் காலேஜ்ல நுழைவுத் தேர்வு. பியானோலதான் வாசிக்கணும். நான் எதுல பழகறது? சாப்பாட்டு மேசைலயா?"

"இங்கயேதான்மா இருக்கப்போகுது. கார்டுல இருக்கும். அதோட உயிரு..."

"உயிர் மேல எப்படிப்பா பெடலை மிதிக்கறது?"

பதில் இல்லாத அப்பாக்கள் செய்வதையே அவரும் செய்தார். "பெரியவங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாத" என்றார். மகள் அறைக் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். அவருக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனால் வேலை போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

மனைவி வேலை பார்ப்பது காது ஆஸ்பத்திரியில். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற வேலை.

"என்னங்க, நெஜமாவே வித்தியாசம் கேட்டுதா?"

"கேட்டுதாவா? அழுதுட்டேன்மா!"

"நீங்க வெங்காயம் உரிச்சாலும்தான் அழுவீங்க. கார்டு உள்ள போனப்போ வேற யார் கையாவது அசைஞ்சுதா?"

"குரு கண்ண மூடியிருந்தார். சிஷ்யன் வாசிச்சான். இன்னொரு சிஷ்யன் மூலைல சவுண்ட் மிக்ஸர் முன்னால உக்காந்திருந்தான். அவன் சும்மாதான் இருந்தான்."

"சும்மா இருக்கறவனுக்கு மிக்ஸர் எதுக்கு? வாங்க, நானும் அந்த உயிரைப் பாக்கறேன்."

மறுநாள் கூடத்தில் மனைவி மேடையைப் பார்க்கவே இல்லை. மூலையைத்தான் பார்த்தார். கார்டு உள்ளே போனதும் மிக்ஸர் சிஷ்யனின் விரல் ஒரு பிடியை நைஸாக மேலே தள்ளியது. கூடம் "ஆகா" என்றது. அவர் எழுந்தார்.

"குருவே, ஒரு சின்ன வேண்டுகோள். திரையை இழுத்து மூடிட்டு வாசிச்சா, உயிர் இருக்கா இல்லையான்னு உங்களால சொல்ல முடியுமா?"

"சந்தேகம் புகுந்த இடத்தில் உயிர் தங்காது, தாயே."

"சந்தேகம் எனக்கு மட்டும்தான். வேணும்னா நான் வெளில நின்னுக்கறேன்."

கூட்டம் சீறியது. அதிகமாகச் சீறியவர், அப்பாவின் உயிரேறிய கார்டோடு வந்திருந்த நேற்றைய வயலின்காரர். "குருவோட காதையே சோதிக்கறியாம்மா? சோதிச்சுக்கோ! எங்கப்பா கார்டையே வெச்சுக்கோ! ஆயிரம் திரை போட்டாலும் எங்கப்பாவ எனக்குத் தெரியும்." கூடம் முழுக்கக் கைதட்டல். குரு பார்த்தார். பின்வாங்கினால் மானம் போகும். "என் காதுக்குத் திரை என்ன, மலையே தடையில்லை" என்று சொல்லித் தொலைத்தார்.

"ரொம்ப சந்தோஷம். மூலைல இருக்கற தம்பியும் முன்னால வந்து கேக்கட்டும், பாவம். இவரு நாடகத்துல வாசிக்கறவரு, இவரே வாசிக்கட்டும். ஒவ்வொரு தடவையும் கார்டு உள்ள இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உயிர் இருக்குன்னு தோணினா கையத் தூக்குங்க."

கீபோர்டுக்காரர் கார்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். மனைவி கூடவே வந்து காதோடு சொன்னார். "கார்டைப் போடவே போடாதீங்க. சட்டைப்பைல வெச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் கீபோர்டை அணைச்சு, மூடியைத் திறந்து மூடி, மறுபடி ஆன் பண்ணி வாசிங்க."

"அது ஏமாத்து வேலை இல்லையா?"

"ஆஸ்பத்திரில தினமும் செய்யறதுதாங்க. நடுவுல சத்தமே குடுக்காம கொஞ்ச நேரம் விடுவேன். அப்பவும் சில பேர் கேக்குது கேக்குதுன்னு பொத்தானை அழுத்துவாங்க. யாருக்கு நெஜமா கேக்குது, யாருக்கு கேக்கணும்னு ஆசைங்கறது அப்பத்தான் தெரியும்."

கீபோர்டுக்காரர் வாசித்தார். திரை இடுக்கு வழியாகப் பார்த்தார். நாலைந்து கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. குரு உதட்டைப் பிதுக்கினார். "இல்லை. இது வெறும் கூடு." எழுந்த கைகள் அசடு வழிய இறங்கின.

அணைத்து, திறந்து, மூடி, மறுபடி வாசித்தார். குரு சிலிர்த்தார். "வந்துவிட்டது!" அவ்வளவுதான், கூடம் முழுக்கக் கைகள். வயலின்காரர் தேம்பினார். "அப்பா மூச்சு! அப்பா மூச்சு!" கீபோர்டுக்காரர் குனிந்து சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கார்டு அங்கேயேதான் இருந்தது. அவர் காது மடல் சூடானது. அடப்பாவி, நேற்று நானும் இப்படித்தானே அழுதேன்!

மூன்றாவது முறை குரு தலையாட்டினார். "போய்விட்டது." கைகள் பொத்பொத்தென்று விழுந்தன. சிலர் முகத்தில் இழவு விழுந்த சோகம். கீபோர்டுக்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. திரையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு முன்னால் வந்து, சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"ஐயா, கார்டு உள்ள போகவே இல்ல. மூணு தடவையும் இங்கதான் இருந்துது."

எல்லாத் தலையும் குருவின் பக்கம் திரும்பியது.

குரு லேசுப்பட்டவரா? "மூடர்களே! உயிருக்குச் சட்டைப்பை ஒரு தடையா? அங்கிருந்தே பாய்ந்தது!" என்று கர்ஜித்தார். நம்புங்கள், பாதிக் கூட்டம் தலையாட்டியது.

"சரிங்க" என்றார் மனைவி. "ரெண்டாவது தடவை பாய்ஞ்ச உயிர் மூணாவது தடவை எங்க போச்சு? அதே பை, அதே கார்டு, அதே மனுஷன்."

கேட்டுவிட்டு மனைவி நேராக மிக்ஸர் இருந்த மூலைக்குப் போனார். "என்னங்க, கார்டு இல்லாம வாசிங்க. எல்லாரும் என் கையப் பாருங்க." கீபோர்டுக்காரர் வாசித்தார். மனைவி மிக்ஸரின் பிடியை மெல்ல மேலே தள்ளினார். கூடமே நிறைந்தது. கீழே இறக்கினார், சுமாரானது. மறுபடி தள்ளினார், மறுபடி நிறைந்தது. "கொஞ்சம் சத்தமாக் கேட்டா எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். இதுதாங்க உங்க உயிர்."

வயலின்காரர் பேயறைந்தவர்போல வந்து கார்டை வாங்கினார். நகத்தால் சுரண்டினார். தங்கத்தாள் உரிந்து வந்தது. அடியில், கீழ்க் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண மெமரி கார்டு பல்லிளித்தது. "அப்ப எங்கப்பா வயலின் எங்கடா?" என்று அவர் கத்திய கத்தலில் மைக் தேவைப்படவில்லை.

கூட்டம் தடதடவென்று கீழே இறங்கியது. நேர்மையான கடைக்காரர் பின்னறைச் சாவியைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். நாலு பேர் சட்டையைப் பிடித்ததும் சாவி கிடைத்துவிட்டது. உள்ளே உயிர் போன சக்கைகளெல்லாம் துடைத்து மெருகேற்றி, விலைச்சீட்டோடு வரிசையாக நின்றன. ஒவ்வொரு சீட்டிலும் ஒரே வாசகம்: "உயிருள்ள பழைய வாத்தியம்." இந்த அமளியில் குரு அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிப்படி வழியே கம்பி நீட்டப் பார்த்தார். கிட்டார்காரர்கள் வழியை அடைத்துக்கொண்டு, போலீஸ் வரும்வரை அவரை உட்காரவைத்து நன்றாக உபசரித்தார்கள்.

வீட்டில் பியானோ இருந்த இடத்திலேயே இருந்தது. "தப்புப் பண்ணிட்டேன்மா" என்று அப்பா வாய்விட்டுச் சொன்னார். "தள்ளுங்கப்பா, பழகணும்" என்றாள் மகள். இரண்டு நாள் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

கார்டு? அதையும் வாங்கினார். வேறு கடையில், கண்ணை மூடிக்கொண்டு. நிஜமாகவே மூடிக்கொண்டு. மனைவி ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட, எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்து, நாடகத்தின் மெட்டையே வாசித்துக் கேட்டார். வயலின் கூட்டிசைக் கார்டு என்று கொஞ்ச நேரத்தில் முடிவாகிவிட்டது. ஒத்திகையில் இசையமைப்பாளர் கேட்டுவிட்டு, "இப்ப மனுஷன் கேக்கற மாதிரி இருக்கு, அடுத்த நாடகத்துக்கும் வந்துடு" என்றார்.

எல்லாம் சுபம் என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் அன்று பின்னறையிலிருந்து தன் வாத்தியத்தை மீட்டுக்கொண்டு வெளியே வந்த ஒரு புண்ணியவான், வியர்வையைத் துடைத்துக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். "இவன் ஃபிராடுதான், சரி. அடுத்த தெருவுல ஒருத்தர் ஸ்பீக்கர் வயருக்கு உயிர் ஏத்தறாராமே, அவரு அசலாம்ல?"

ஐயா, உங்கள் கீபோர்டுக்கு எந்தக் கார்டு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, அதற்கு எந்தக் கார்டும் தேவையில்லை. வாங்கி வந்த நாளிலிருந்து உறை பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள், ஒரு தடவையாவது ஆன் பண்ணிப் பாருங்கள்!