நாலடிப் பாவாடை

முஹ்ஸினுடைய ஓட்டோவில் பெண்கள் ஏறுவது நின்றுபோனது. ஆலங்குடாவில் அவனுடைய வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த ஓட்டோவால்தான்.

காரணம், கடலோரப் பாரம்பரியப் பணிமனை அதிகாரி ஜெயகாந்தன். யுத்தம் முடிந்த கையோடு அவரைப் போர்த்துக்கல்லுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மாளிகைச் சுவரில் ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய சீமாட்டியின் படம். பாவாடைக்குள் பிரம்பு வளையங்கள், கீழ்வளையம் நாலடி அகலம். போர்த்துக்கேயர் நம் கரைக்கு வந்தவர்கள்; ஆகவே அவர்களின் பாவாடையும் நம் பாரம்பரியமே என்று தீர்மானித்துக்கொண்டு திரும்பினார்.

"சகல பெண்களும் அணிதல் வேண்டும்" என்றது முதற் சுற்றறிக்கை. ஒருத்தியும் அணியவில்லை.

"நாலடி வளையம் அதிகாரிகளின் மனைவியருக்கு மாத்திரம். ஏனையோருக்குத் தடை" என்றது இரண்டாவது. ஒரே கிழமையில் கரையெங்கும் பிரம்பு தீர்ந்தது.

முஹ்ஸினின் மனைவி றிஸ்னாவும் ஒன்று கட்டிக்கொண்டாள்.

"இதோட எப்பிடிப் புள்ள சந்தைக்குப் போற?"

"நடந்துதான். உங்கட ஓட்டோ சின்னன்."

சந்தியில் பணிமனையார் நாடா பிடித்து அளந்தார்கள். தண்டம் கட்டியவள் தலைநிமிர்ந்து போனாள். அளவுக்குள் அடங்கியவள் அழுதுகொண்டு போனாள்.

முஹ்ஸின் பணிமனைக்குப் போனான்.

"சேர், ஓட்டோவுல ஒருத்தரும் ஏறுறாங்க இல்ல."

"ஏன்?"

"ஏற ஏலா. வளையம்."

"ஓட்டோவை அகலமாக்குங்கோ."

"சட்டம் விடாது சேர்."

"அப்ப பல்லக்கு வையுங்கோ. சீமாட்டிமாருக்கு அதுதான் பொருத்தம்."

"ஆரு சேர் தூக்குற?"

"அது வேற திணைக்களம்."

அந்தச் சனிக்கிழமை, கண்டக்குழியிலிருந்து கருவாடு விற்க வருகிறவளும் வளையத்தோடு வந்தாள். கவுனுக்கு மேலே கட்டியிருந்தாள். நாலடியேதான். சுற்றிவரக் கருவாடு தொங்கியது.

"கூடை சுமக்கத் தேவல்ல, கை ரெண்டும் சும்மா கிடக்கு" என்றாள்.

பக்கத்தில் அதிகாரியின் மனைவி சாருமதி தன் நாலடி வளையத்தோடு நின்றாள். கொழும்பு பஸ்ஸில் வந்திறங்கிய ஒருவர் இருவரையும் பார்த்தார். பிறகு சாருமதியிடம் கேட்டார்:

"உங்கட கருவாடு முடிஞ்சுதா, அக்கா?"

அன்று பின்னேரம் ஜெயகாந்தன் வீட்டு முற்றத்தில் பிரம்பு எரிந்தது. மறுநாள் ஊர் முழுக்க எரிந்தது. றிஸ்னா தன் வளையத்தைக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்தாள். திட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றதென்று பணிமனை பலகை நாட்டியது. அதிகாரிக்குப் பதவி உயர்வும் வந்தது.

முஹ்ஸினின் ஓட்டோ நிரம்பி ஓடியது. "அந்தக் கருவாட்டுக்காரி நல்லா இருக்கணும்" என்று போகிற இடமெல்லாம் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை நடுவெயிலில், சந்தியில் ஒருத்தி கைகாட்டி மறித்தாள். முஹ்ஸின் வேகத்தைக் குறைத்தான். மூக்கைச் சுளித்தான்.

"கருவாட்டோட ஏற ஏலாக்கா. பொறகு நல்ல பொம்பிளைகள் ஏறமாட்டாங்க."

ஓட்டோ போய்விட்டது. வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்டக்குழிப் பக்கம் நடந்தாள் கருவாட்டுக்காரி ஜூலியானா.