கோடு பார்க்கிறவர்

இன்றைக்கு எப்படியும் பெண்டாட்டியின் வாயை அடைத்துவிடுவது என்று லென்ஸ்காரர் முடிவு கட்டிவிட்டார்.

தெருவில் அவருக்கு அதுதான் பேர். லென்ஸ் கம்பெனியில் வேலை. இருட்டறையில் ஒரு அட்டையின் பிம்பம் ஒவ்வொரு லென்ஸ் வழியாகவும் திரையில் விழும். அட்டை முழுக்கக் கறுப்புக் கோடுகள். வரிசை இறங்க இறங்கக் கோடு மெலிந்துகொண்டே போகும். எந்த வரிசை வரைக்கும் கோடுகள் ஒட்டிக்கொள்ளாமல் தெரிகிறதோ, அதுதான் அந்த லென்ஸின் தரம். அதைப் பார்த்துச் சொல்கிற கண் அவருடையது.

அந்தக் கண்ணில்தான் கொஞ்ச நாளாகப் புகை. டம்ளரை விட்டுவிட்டு மேசைக்குத் தண்ணீர் ஊற்றினார். எதிர்வீட்டுப் பிள்ளையைத் தன் மகள் என்று தூக்கிக் கொஞ்சினார். அது போட்ட கத்தலில் தெருவே கூடிவிட்டது.

"ஏங்க, கண் டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"என் கண்ணுக்கென்ன? கழுகுக் கண்ணு!"

"கழுகு காலையில டீயில உப்பைப் போட்டுக் குடிச்சுதே."

"அது... ஒரு மாறுதலுக்கு."

டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால் வேலை போய்விடும். அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தள்ளிப்போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று அவளுக்குப் பயம். அவள் அப்பாவுக்கு அப்படித்தான் போயிற்று.

கம்பெனியில் கழித்துப் போட்ட அட்டை ஒன்றைக் கொண்டுவந்து சமையலறைச் சுவரில் மாட்டினார்.

"ஞாயித்துக்கிழமை இங்க உக்காந்து படிக்கிறேன். சரியாப் படிச்சா டாக்டர் பேச்சையே எடுக்கக் கூடாது. தப்பாப் படிச்சா, நீ கூப்பிட்ட இடத்துக்கு வரேன்."

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அட்டைதான் அவருக்குத் தலைகீழ்ப் பாடமாயிற்றே! கம்பெனியிலேயே இப்போது வேலை அந்த மனப்பாடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை. முக்காலியில் தலையணை போட்டு வைத்திருந்தாள்.

"வசதியா உக்காருங்க."

இந்த மரியாதையும் அவருக்குப் பிடித்திருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மொத வரிசை, நிக்கிற கோடு! ரெண்டாவது, படுத்த கோடு! மூணாவதுல ஓரம் லேசா அழிஞ்சிருக்கு. பழைய அட்டை, அப்படித்தான் இருக்கும்."

"கடைசி வரிசை?"

"மயிரிழை மாதிரி. அதுவும் தனித்தனியாத் தெரியுது! போதுமாடி?"

மகள் களுக்கென்று சிரித்தாள். "அப்பா, அது வந்து..."

"நீ சும்மா இரு."

பெண்டாட்டி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. தோற்ற துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க. ஆட்டோ வாசல்ல நிக்குது."

"எதுக்கு? ஜெயிச்சது நானு!"

"தூக்கத்துல தினம் ஒப்பிக்கிறதைத்தானே இப்பவும் ஒப்பிச்சீங்க." அவள் அவர் கையைப் பிடித்தாள். "சுவத்துல தொங்குறது தலகாணி உறைங்க. அட்டை மேலதான் நீங்க உக்காந்திருக்கீங்க."