நாற்காளி ஏலம்

இந்த உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஏமாறலாம். நான் ஏமாறக்கூடாது. ஏமாறாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இணையத்தில் பழைய சாமான்களை ஏலம் விடுகிற ஒரு கம்பெனியில், மோசடித் தடுப்புப் பிரிவில் வேலை. இல்லாத காரை விற்கிறவன், கேமராப் பெட்டிக்குள் செங்கல்லை வைத்து அனுப்புகிறவன், தன் பொருளுக்குத் தானே பொய்ப்பேரில் வந்து விலையை ஏற்றுகிறவன், எல்லாரையும் பிடிப்பேன். பிடித்த கதையைச் சாப்பிடும்போது மனைவிக்கு விலாவாரியாகச் சொல்லுவேன். அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டே கேட்பாள். பாடம் படிக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எனக்கோ ல, ள, ழ மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி. எது யார் என்று இன்றுவரை பிடிபடவில்லை. ‘வயிற்று வழி’ என்று லீவு லெட்டர் எழுதிவிட்டு, “எங்கே போற வழி?” என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

ஒரு நாள் ஆரம்பித்தாள்.

“ஏங்க, அந்தச் சாய்வு நாற்காலி போகணும்.”

“எங்கே?”

“எங்கேயாவது. வீட்டுல வெளிச்சமான இடம் அந்த ஜன்னல் ஓரம் ஒண்ணுதான். அங்கே எனக்கு மேசை போடணும். அடுப்பு மேடையில வச்சுப் புரூஃப் பாத்துப் பாத்து, நேத்து ஒரு அத்தியாயம் முழுக்க எண்ணெய்.”

“அப்ப நான் எங்கே உட்கார்றது?”

“நீங்க எங்கே உட்கார்றீங்க? படுக்கிறீங்க.”

“அது வெறும் நாற்காலி இல்ல. என் முதுகோட மறுபாதி.”

“அப்ப நான் யாரு?”

இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கு அனுபவம் உண்டு. அவள் நாற்காலியை எங்கள் கம்பெனியிலேயே ஏலத்துக்கு விட்டுவிட்டாள். விளம்பரத்தையும் அவளே எழுதினாள்.

‘பழையது. பெரியது. இடத்தை அடைக்கும். சாய்ந்தால் முனகும். நகர்த்தினால் இன்னும் முனகும். ஆனால் உறுதியானது, விசுவாசமானது.’

இது நாற்காலியைப் பற்றியதுதானா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் பதில் வந்துவிடும்.

அன்றைக்குச் சபதம் எடுத்தேன். அந்த நாற்காலியை நானே ஏலத்தில் எடுப்பேன்! அவளுக்குத் தெரியாமல் வங்கியில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், ஆண்பிள்ளைக்கு ஆயிரம் அவசரம் இருக்கும். ஜெயித்ததும் நாற்காலியை எதிர்வீட்டுப் பல் டாக்டர் எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கூடத்தில் போட்டுவிடுவதாக ஏற்பாடு. பிறகு தினமும் சாயந்திரம் எனக்குப் பல்வலி வரும். கம்பெனி ஆட்கள் ஏலம் கேட்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. இருக்கட்டும். அதை எழுதியவனே நான்தான்.

‘காட்டுச்சிங்கம்’ என்ற பெயரில் நுழைந்தேன். சந்தேகம் வரக்கூடாதே என்று, நிஜமாக வாங்க வந்தவன் மாதிரி ஒரு கேள்வியும் போட்டேன். ‘நாற்காளியை நேரில் பார்க்க முடியுமா?’

உடனே பதில் வந்தது. ‘முடியாது. எப்போதும் அதில் ஒருவர் படுத்திருக்கிறார்.’

கடைசி நாள் சனிக்கிழமை. அந்த நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு போனைத் தட்டினேன். அடுப்படியில் அவளும் போனும் கையுமாக இருந்தாள். போட்டிக்கு ‘பச்சைக்கிளி’ என்று ஒன்று வந்து சேர்ந்தது. நான் ஏற்றினால் அதுவும் ஏற்றியது.

“ஏங்க,” அடுப்படியிலிருந்து குரல். “யாரோ சிங்கமாம், நம்ம நாற்காலியை விழுந்து விழுந்து கேக்குது.”

“யாரோ ரசனை உள்ள ஆளு.”

“கிளி ஒண்ணும் விடாம நிக்குது.”

“கிளிக்கு என்ன தெரியும் நாற்காலியைப் பத்தி?”

“என்னவோ, சிங்கம் பயந்துடும்னு நினைக்கிறேன்.”

“சிங்கமா? பயப்படுமா?” ஒரே அடியாக ஏற்றினேன்.

“அய்யோ, கிளி அதுக்கும் மேல போயிடுச்சே! சிங்கத்துக்கு வால்தான் பெருசு போல.”

வாலைப் பற்றிப் பேசினால் எந்தச் சிங்கம் சும்மா இருக்கும்? ரகசியக் கணக்கின் அடிமட்டம் வரைக்கும் துடைத்துப் போட்டேன். கிளி அடங்கியது. நாற்காலி என்னுடையது! ஏற்கெனவே என்னுடையதாக இருந்த நாற்காலியை நான் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்குக் கைதட்டல் வேறு கொடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குள் கால் வைத்ததும் மேனேஜர் ஓடி வந்தார்.

“பெரிய கும்பல் ஒண்ணு மாட்டிடுச்சு சார்! ஒரு பாடாவதி நாற்காலிக்கு இந்த விலையா? விக்கிறவங்க, கிளி, சிங்கம், மூணும் ஒரே வீட்டு இன்டர்நெட் இணைப்புலேருந்து வந்திருக்கு. ஒரே கூரைக்குக் கீழ மூணு திருடனுங்க!”

ஒரே வீட்டு இணைப்பா? விற்பவள் அவள். சிங்கம் நான். அந்த வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. அப்படியென்றால் கிளி...

“சார், ரெண்டு பேர்தான்,” என்று உளறிவிட்டேன்.

“எப்படிச் சொல்றீங்க?”

“அனுபவம் சார்.”

“அதான் நீங்க வேணும்கிறது! பேரெல்லாம் பொய்ப்பேரு. முகவரியை நீங்க எப்படியாவது கண்டுபிடிங்க. இவனுங்க எப்படி யோசிக்கிறாங்கன்னு ஒரு அறிக்கையும் எழுதுங்க. நாளைக்கு எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும்.”

மோசடி என்று நிரூபித்தால் வாங்கியவனுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கியவன் நான்தான் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் பணம் வரும், வேலை போகும். பணமே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் ஓரம் பளபளவென்று புது மேசை. அதற்கு முன்னால் அவள், சிவப்புப் பேனாவோடு.

“இது அநியாயம்!” என்று கத்தினேன். “உன் பொருளுக்கு நீயே ஏலம் கேக்கிறது பச்சை மோசடி!”

“தெரியும். நீங்கதானே சாப்பாட்டு நேரத்துல சொல்லிக் குடுத்தீங்க.”

“சிங்கம் நான்தான்னு எப்படித் தெரியும்?”

“நாற்காளின்னு எழுதினீங்களே! ஒரு காளியையே சமாளிக்க முடியல, உங்களுக்கு நாலு காளி கேக்குதா?”

“அது சரி, பச்சைக்கிளின்னு பேரு வச்சியே, அது என்ன?”

“அதையும் மறந்தாச்சா? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு முதல் லெட்டர் எழுதினீங்க. ‘என் பச்சைக்கிலியே’ன்னு. அப்பவே திருத்தி வச்சுக்கிட்டேன்.”

கிலி என்றால் பயம். அது பிழை என்று இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

“நான் பின்வாங்கியிருந்தா நாற்காலி என்ன ஆகியிருக்கும்?” என்றேன்.

“என்ன ஆகும்? கிளி எடுத்திருக்கும். வெளி ஆளுக்கு விட்டுடுவேனா?” பேனாவால் மேசைக்கு அந்தப் பக்கம் காட்டினாள். சுவரோரமாக என் நாற்காலி, புது மெத்தை தைத்துப் போட்டபடி நின்றது. “நீங்க அதுல கிடந்து முனகினாத்தான் எனக்கு வேலையே ஓடுது.”

போய்ச் சாய்ந்தேன். அது முனகியது. நானும் முனகினேன். அவள் சிரித்தாள். இந்தச் சிரிப்புக்கு அந்த விலை ஒன்றும் அதிகமில்லை என்று தோன்றியது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் மேசைக்கு ஜோடியாக அலமாரியும் வரும்.

அறிக்கையை எழுதி முடித்து அவளிடம் நீட்டினேன். ஏமாற்றியது எப்படி என்று விளக்கிவிட்டு, ஏமாந்தவனைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். ‘இப்படி ஏமாறுகிற முட்டாள் உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது.’

அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பேனாவை மூடினாள்.

“இதுல எழுத்துப்பிழை இல்லீங்க,” என்றாள். “தகவல்தான் தப்பு.”