மைக் மாமா டால்பின் பார்க்கப் போனார்

ரகசியமே இல்லாமல் வாழ்ந்த ஒரே மனிதர் என்று நான் பார்த்த வரையில் ஹைதராபாத், மல்காஜ்கிரி மைக் மாமாவைத்தான் சொல்வேன். அவரிடம் ரகசியங்கள் இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தன. அவை எங்கள் அபார்ட்மெண்டில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தன, அவ்வளவுதான்.

மாமாவுக்கு மெதுவாகப் பேச வராது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்பைத் தட்டும் ராட்சத மெஷின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். அங்கே பக்கத்தில் நிற்கிறவனிடம் "டீ குடிக்கப் போலாமா" என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்க வேண்டும். ரிடையர் ஆகி வந்தபோது மெஷின் ஒர்க்‌ஷாப்பிலேயே தங்கிவிட்டது. குரல் மட்டும் மாமாவுடன் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் பெயர் என்னவென்று யாருக்கும் நினைவில்லை. கரண்ட் பில்லில்கூட யாரோ பென்சிலால் 'மைக் மாமா' என்று எழுதித்தான் கதவிடுக்கில் செருகுவார்கள்.

ஒருநாள் லிஃப்டில் ஏறியதும் என் காதருகே குனிந்தார்.

"தின்னவேலி, யாராண்டயும் சொல்லாத. மூணாவது மாடி பொண்ணுக்கு இடம் அமைஞ்சிடுச்சி. பையன் மாதாப்பூர்ல வேல. மண்டைல முடிதான் கொஞ்சம் கம்மியாம்."

என் ஊர் திருநெல்வேலி. அதனால் அவருக்கு நான் தின்னவேலி. லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. பெண்ணின் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அங்கிள், முடி கம்மின்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"நீதான்மா காலைல ஃபோன்ல சொல்லினு இருந்த," என்றார் மாமா. "எவ்ளோ சத்தமா பேசற!"

இன்னொரு முறை, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த எங்கள் வாட்ச்மேனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய ஜெனரல் வார்டு. நர்ஸ் உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருந்தார். மாமா தலையாட்டிவிட்டு, தன்னால் முடிந்தவரை குரலைத் தணித்து, "எலா உன்னாவ் ரா?" என்று தெலுங்கில் நலம் விசாரித்தார். மொத்த வார்டும் எழுந்து உட்கார்ந்து, "பாகுன்னாம் அங்கிள்," நல்லாயிருக்கோம் என்றது.

நான் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் பட்ட பாடு தனி. அமெரிக்காவிலிருக்கும் என் மேலாளருக்கு வீடியோ காலில் விளக்கிக்கொண்டிருப்பேன். கீழே மாமா வண்டிக்காரரிடம் முருங்கைக்காய் முற்றலா இளசா என்று வாதாடிக்கொண்டிருப்பார். ஒருநாள் மேலாளர் என்னை நிறுத்தி, "அந்தப் பெரியவர் பேசி முடிக்கட்டும். நீங்கள் பிறகு சொல்லுங்கள்," என்றார். மாமா சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அதிலிருந்த உறுதி பிடித்துப்போயிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில், "அவர் இன்று வரவில்லையா?" என்று கேட்டார்.

இப்பேர்ப்பட்ட மாமாவை அழைத்துக்கொண்டு டால்பின் பார்க்கப் போனோம் என்றால் நம்புவீர்களா?

தப்பு என் மனைவி மலருடையது. நாங்கள் இருவரும் கோவா போக டிக்கெட் எடுத்திருந்தோம். படிக்கட்டில் மைக் மாமாவின் மனைவியைப் பார்த்தவள், வாய் தவறி, "நீங்களும் வாங்களேன் அத்தை," என்று சொல்லிவிட்டாள். அத்தை பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு மாடிக்கு மேலிருந்து பதில் வந்தது.

"ஹவ்! வர்றோம்னு சொல்லு!"

மாமா பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில். குடும்பம் ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தது. ஆகவே அவர் பேச்சில் பாதி வட ஆற்காடு, பாதி ஹைதராபாத். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு' என்பார். ஊரெல்லாம் ரயிலில் போயிருக்கிறார், ஆனால் கடலில் படகு ஏறியதில்லை. கோவா போய்ச் சேர்வதற்குள் எங்கள் ரயில் பெட்டி முழுவதற்கும் இது தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை படகுத்துறையில் நின்றோம். ஒரு நாள் பயணம். போகும் வழியில் டால்பின், பிறகு ஒரு குட்டித் தீவில் சாப்பாடு, அதன்பின் இன்னொரு தீவின் ஓரத்தில் ஸ்நார்க்கலிங். அதாவது கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குப்புற மிதந்தபடி மீன் பார்ப்பது. எங்களோடு வடக்கேயிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒன்று, இன்னும் சில குடும்பங்கள். அத்தைக்கு வாந்தி பயம். கிளம்பும்போதே மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, படகின் மூலையில் லைஃப் ஜாக்கெட்டோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

கரை மறைந்ததும் படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். டால்பின்கள் இங்கேதான் வரும், சத்தம் கேட்டால் ஓடிவிடும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று இந்தியில் சொன்னார்.

நானும் மலரும் மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தோம்.

"கைக்கு என்னயே பாக்கறீங்க?" என்றார் மாமா. தூரத்தில் மிதந்த கடற்பறவைகள் எழுந்து பறந்தன.

அத்தை அரைத் தூக்கத்தில் பையைத் துழாவி ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்து அவர் வாயில் போட்டார். "கரையற வரைக்கும் பேசாதீங்க."

மாமா கையைக் கட்டிக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மனிதர் பேசாமல் இருக்க அவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கு வழியாக ஏதேதோ ஒலிகள் வந்தன. புதுப்பெண் அவருக்கு நெஞ்சுவலியோ என்று பயந்து என்னைக் கேட்டாள். இல்லை, பேசாமல் இருக்கிறார் என்றேன்.

விதியைப் பாருங்கள். முதலில் அதைக் கண்டது மாமாதான். எல்லாரும் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, இடது பக்கம் பளபளவென்று ஒரு முதுகு எழுந்தது.

"தின்னவேலீ! அதோ! அதோ கீது பாரு! அம்மாடி, எவ்ளோ பெருசு!"

மிட்டாய் தெறித்துக் கடலில் விழுந்தது. முதுகும் மறைந்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அங்கே வெறும் நுரைதான் இருந்தது. புதுப்பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. டால்பினுக்காகத்தான் தேனிலவுக்கு இங்கே வந்தார்களாம். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "மாஃப் கரோ பேட்டி! தெரியாம வந்துட்ச்சி!" என்று மன்னிப்புக் கேட்டார். கேட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் தலைகாட்டிய இன்னொரு டால்பினும் போய்விட்டது.

பெண்ணின் கணவன் படகுக்காரரிடம், "இவரை ஏதாவது ஒரு தீவில் இறக்கிவிட முடியுமா?" என்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் தீவில், தூங்கிக்கொண்டிருந்த அத்தையைத் தவிர எல்லாரும் சாப்பிட இறங்கினோம். செங்குத்தான பாறை, அடியில் சின்ன மணல்திட்டு. யாரும் மாமாவின் பக்கத்தில் உட்காரவில்லை. மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பாறையோரம் போனார். மீன் வறுவலைக் கடித்துவிட்டு, "உப்பு கம்மி," என்றார். "கம்மி... கம்மி..." என்றது பாறை.

மாமா நிமிர்ந்தார். "ஹவ், கம்மிதான்," என்றார். பாறையும் ஆமோதித்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரம் முழுக்க அவர் எங்கள் பக்கமே வரவில்லை. தன் சத்தத்துக்குச் சத்தம் நின்று பதில் சொல்லும் ஆளை வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்டுபிடித்திருந்தார். கிளம்பும்போது பாறைக்கு, "போய்ட்டு வரேன்!" என்று கையாட்டினார்.

அடுத்த தீவின் அருகே படகை நங்கூரமிட்டு நிறுத்தி, கயிறு கட்டிய மிதவை வளையங்களைத் தண்ணீரில் போட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டேதான் மிதக்க வேண்டும், விடக் கூடாது என்று படகுக்காரர் பல முறை சொன்னார். மலர் படகிலேயே இருந்துவிட்டாள். "மாமா, நீங்களும் எறங்குதீங்களா?" என்று கேட்டேன்.

"நக்கோ பா. குழாய வாய்ல வெச்சினு எப்பிடிப் பேசறது?"

நான் இறங்கினேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. கீழே மஞ்சளும் கறுப்புமாகக் கோடுபோட்ட மீன்கள், ஸ்கூல் விட்ட பிள்ளைகள் மாதிரி கூட்டமாகத் திரும்பின. அவற்றின் பின்னால் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று போனேன். வளையம் எப்போது கையை விட்டது என்று தெரியாது. அந்த நிசப்தம் அவ்வளவு சுகமாக இருந்தது. மூச்சு ஒலி மட்டும் குழாய்க்குள் புஸ் புஸ் என்று கேட்டது.

அந்த நிசப்தத்துக்குள் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு குரல் வந்தது.

"தின்னவேலீ...! தலயத் தூக்குறா! தின்னவேலீ!"

அவர் என்னை அதுவரை 'டா' போட்டதில்லை. அதனால்தான் தலையைத் தூக்கினேன். எங்கள் படகு நான் நினைத்ததைவிட வெகு தொலைவில் இருந்தது. அதன் முனையில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த திசையில் திரும்பினேன். பாறைத் திருப்பத்திலிருந்து ஒரு வேகப்படகு நேராக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதில் பெரிய ஸ்பீக்கர்களில் பாட்டு அதிர, ஓட்டுகிறவன் உட்பட எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நீந்த வேண்டும் என்று தெரிகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எங்கள் படகுக்காரர் விசிலை ஊதிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டுக்கு முன்னால் அது கொசு சத்தம்.

மாமா மூச்சை இழுத்தார். அங்கிருந்தே அவர் நெஞ்சு விரிந்தது தெரிந்தது.

"ஏய் ரோக் ரே! ஆபு ரா! நிறுத்துறாஆஆ!"

இந்தி, தெலுங்கு, தமிழ். எது யாருக்குப் புரிந்ததோ, தெரியாது. இந்தத் தீவின் பாறையும் அதை வாங்கி இரண்டு மடங்காக்கித் திருப்பி எறிந்தது. வேகப்படகில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே உறைந்தார்கள். ஓட்டுகிறவன் திடுக்கிட்டுத் திரும்பினான், என்னைக் கண்டான், சக்கரத்தைச் சுழற்றினான். படகு என்னைத் தாண்டிச் சாய்ந்து போனது. அது கிளப்பிய அலை என்னைத் தூக்கிப் புரட்டியது, அவ்வளவுதான்.

அதற்குள் எங்கள் படகுக்காரர் குதித்து நீந்திவந்து என்னை வளையத்தில் சேர்த்துவிட்டார். கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் முதல் ஆள், மாமாவைத் தீவில் இறக்கிவிடச் சொன்ன அதே புது மாப்பிள்ளை. மேலே ஏறியதும் மலர் என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு அழுதாள். புதுப்பெண் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்குக் கொடுக்காமல் மாமாவுக்குக் கொடுத்தாள்.

மாமா வாங்கிக் குடித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டையைத் தடவிக்கொண்டு மறுபடி முயன்றார். ஒன்றும் வரவில்லை. குரல் சுத்தமாகப் போயிருந்தது. ஒர்க்‌ஷாப் மெஷினால் முடியாததை நான் செய்திருந்தேன்.

இத்தனை கூத்திலும் அத்தை எழுந்திருக்கவில்லை. மாத்திரை அவ்வளவு நல்ல மாத்திரை. அதோடு, இந்தக் கத்தலுக்கெல்லாம் எழுந்திருப்பவராக இருந்தால் அவர் கல்யாணமான நாள் முதல் தூங்கியே இருக்க முடியாது.

திரும்பும் வழியில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, நனைந்த என் கையை விடாமல் பிடித்திருந்தார். கடல் தங்க நிறமாக மாறிக்கொண்டிருந்தது. திடீரென்று என் கை இறுக்கப்பட்டது. படகின் ஓரத்தில், எட்டித் தொட்டுவிடலாம் போல, டால்பின்கள். ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, வளைந்து, மூச்சுவிட்டு மறைந்து, மறுபடி எழும்பின. படகே மூச்சடக்கிப் பார்த்தது.

மாமா அவற்றைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. இந்த டால்பினைக் காட்டத்தான் அவரை இவ்வளவு தூரம் கூட்டிவந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுந்து போய் எழுப்பலாம் என்றால் படகு ஆடியது, நடுவில் அத்தனை பேர். மாமா என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் சபையில் தும்மக்கூடத் தயங்குகிற ஆள். எழுந்து நின்றேன். எங்கே அவ்வளவு மூச்சு இருந்ததென்று தெரியவில்லை.

"அத்தை...! எந்திரிங்க! டால்பின் வந்திருக்கு! மாமா பாக்கச் சொல்லுதாவ!"

ஆச்சரியம், டால்பின்கள் ஓடவில்லை. அத்தை திடுக்கிட்டுக் கண் விழித்தார். தண்ணீரைப் பார்த்தார். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி, "ஐயோ, ஐயோ," என்று சிரித்தார். கடைசி முதுகு மறைந்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"யார் அப்பிடிக் கத்தினது?"

மாமா என் தோளில் கையைப் போட்டு, பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல அத்தைக்கு என்னைக் காட்டினார்.