வெளிச்சத்தில் வளர்ந்த மஞ்சள் செடி

மாறிகளை அடையாளம் காண்பதில் எங்கள் ஒன்பதாம் வகுப்பை மிஞ்ச உலகில் எந்த ஆராய்ச்சிக்கூடமும் இல்லை. எதை மாற்றினோம், அதனால் எது மாறியது, எதை மாற்றாமல் வைத்தோம்? மூன்று கேள்விகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். விடைகளையும்தான். சோதனைக்கு முன்பே, போன வருட அக்காக்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து முடிவை எழுதிவிடுவது எங்கள் ‘ஆராய்ச்சி மரபு’.

இந்த முறை இரண்டு டப்பாக்களில் பயறு. ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். ‘வெளிச்சம்’, ‘இருட்டு’ என்று சீட்டு ஒட்டி, ஒன்று ஜன்னலில், ஒன்று அலமாரிக்குள். வெளிச்சத்தில் இருந்ததே உயரமாக வளர்ந்தது என்று எழுதி, டீச்சர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. செடிகள் மட்டும் நோட்டைப் படிக்கவில்லை. ஏழாம் நாள் அளந்தபோது ஜன்னல் செடி எட்டு சென்டிமீட்டர். இருட்டில் வெளுத்து மஞ்சளாகிவிட்ட அலமாரிச் செடி பத்தொன்பது.

“நாளைக்குப் பள்ளி ஆய்வாளர் வர்றாரு. சீட்டை மாத்தி ஒட்டுடி,” என்றார் டீச்சர், என்னிடம்.

“இது மஞ்சளா இருக்கே மிஸ்?”

“வெயில்ல நின்னா நீகூடத்தான் நிறம் மாறுவ. ஒட்டு. வெளிய மூச்சு விட்டே, செய்முறை மார்க் முட்டைதான்.”

ஒட்டினேன். ஃபெயிலானால் படிப்பு அவ்வளவுதான் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

ஆய்வாளர் வந்தார். மஞ்சள் செடியை மெச்சினார். நாற்பது பேர் இருக்க, அவர் விரல் என்னிடம் வந்து நின்றது.

“சொல்லும்மா, இதுல நீங்க எதை மாத்தினீங்க?”

பயந்தால் எனக்குப் பொய் மறந்துபோகும்.

“சீட்டை, சார்.”

டீச்சருக்கு இருமல் வந்தது.

“அதனால எது மாறுச்சு?”

“செடி மாறல சார். என் மார்க்குதான் இனி மாறும்.”

“சரி, எது மாறவே இல்ல?”

“ரெக்கார்டு நோட்டு சார். நாலு வருஷமா.”

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ‘மாணவிகள் மாறிகளைத் துல்லியமாக அடையாளம் காண்கின்றனர்’ என்று ஏற்கெனவே தட்டச்சான தாளில், முந்தாநாள் தேதிக்குமேல் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கு முட்டை போட்டிருப்பேன். பொழைச்சே. மார்க் லிஸ்ட்டு போன வாரமே போயிடுச்சு.”

“எனக்கு எவ்வளவு மிஸ்?”

“முழு மார்க்.”

“எதுக்கு மிஸ்?”

“‘கண்டதை உள்ளபடியே பதிவு செய்தல்’னு ஒரு தலைப்பு இருக்குல்ல? அதுக்கு.”