கழுதைக்குப் பெண் கொடுப்பதில்லை

நோலன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் கால்சட்டை இரண்டு விரற்கடை மேலே ஏறியது. வினை அங்கேதான் இருந்தது. உள்ளே மஞ்சள் சாக்ஸ். வெறும் மஞ்சளாக இருந்தாலாவது ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஒவ்வொரு கணுக்காலிலும் ஒரு கழுதை பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

சுற்றிலும் பச்சை. டன்மோர் பல்கலைக்கழக மைதானத்தின் வண்டி நிறுத்துமிடம் முழுவதும் பச்சைக் கூடாரம், பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை மாட்டிய நாய். டன்மோரின் சின்னம் கொக்கு. எதிரி ஹாலிஸ்டரின் சின்னம் கழுதை. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் நடுவே ஓர் ஆறும், நூறு வருஷத்துக் கால்பந்துப் பகையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆற்றுக்காவது பாலம் கட்டியிருக்கிறார்கள்.

"என்ன கண்றாவி இது?" என்று பல்லைக் கடித்தாள் பெத்தனி. நோலன் கட்டிக்கொள்ளப் போகிறவள். அதாவது, அவள் அப்பா மெர்ல் சரியென்று சொன்னால்.

"அவசரத்துல மாட்டிட்டு வந்துட்டேன், பெத்."

"ஹாலிஸ்டர் ஆட்டத்தன்னிக்கா?"

"டிராயர்ல இருக்கறது எல்லாமே மஞ்சள்தான். நான் என்ன பண்ணட்டும்?"

உண்மைதான். நோலன் ஹாலிஸ்டரில் நான்கு வருஷம் படித்தவன். அதை மட்டும் மெர்லிடம் இதுவரை சொல்லவில்லை. முதன்முதலாகச் சந்தித்த விருந்தில், வாய் நிறைய உருளைக்கிழங்கு இருந்த நேரமாகப் பார்த்து, "டன்மோர்ல படிச்ச பையன்தானே?" என்று மெர்ல் கேட்டுவிட்டார். வாய்க்குள் சூடு. நோலன் தலையை எப்படியோ ஆட்டினான். அவர் அதை ஆமென்று எடுத்துக்கொண்டு, அடுத்த வாரமே ஒரு பச்சை ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினார். ஸ்வெட்டருக்கு நன்றி சொன்னதோடு பொய் உறுதியாகிவிட்டது.

மெர்ல் நல்ல மனிதர். ஊரில் யார் வீட்டு வாசலில் பனி குவிந்தாலும் போய் அள்ளிப் போடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். "கழுதைக்குப் பொண்ணு கொடுக்கறதாவது!" என்பார். பெத்தனியை முன்பு பார்க்க வந்த ஒரு பையன், ஹாலிஸ்டர் வாத்தியக் கோஷ்டி நன்றாக வாசிக்கிறதே என்று கைதட்டிவிட்டான். அத்தோடு சரி, அவன் கழற்றி வைத்த கோட்டை மெர்லே எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அப்பாவை மீறிப் பெத்தனி கல்யாணம் செய்துகொள்ள முடியாதா? தாராளமாக முடியும். ஆனால் அப்பா பக்கத்தில் இல்லாமல் ஓர் ஆட்டம்கூடப் பார்த்தறியாத பெண் அவள். அவள் முகம் வாடுவதைப் பார்க்க நோலன் தயாராக இல்லை.

"கழட்டித் தொலை," என்றாள்.

குனிந்து சாக்ஸைக் கழற்றி, சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். நவம்பர் மாதத்துக் காற்று கணுக்காலைக் கடித்தது. போனால் போகிறது, கழுதை மறைந்தது என்று நிமிர்ந்தான். எதிரே மெர்ல் நின்றார்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் சாசேஜ் புரட்டும் இடுக்கி. மழையோ வெயிலோ, ஆட்டத்தன்று அந்த பூட்ஸ்தான். ராசியாம்.

"என்ன மாப்பிள்ளை, இந்தக் குளிர்ல வெறுங்காலா?"

நோலனுக்கு மூளை ஓடவில்லை. நாக்கு மட்டும் ஓடியது. "மாமா, அந்தப் பனி ஆட்டத்துல ஒருத்தர் வெறுங்காலோட நின்னு உதைச்சாரே, அவரு ஞாபகமா..."

மெர்ல் இடுக்கியை இறக்கினார். அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெறுங்காலா? அது யார் சொன்னா உனக்கு?"

"லை... லைப்ரரியில படிச்சேன் மாமா."

"ஓ!" மெர்ல் மீசையைத் தடவிக்கொண்டார். "இவ்வளவு தெரிஞ்ச ஆளு எங்கிட்ட மட்டும் சரித்திரம் சொன்னா எப்படி? வண்டி மேல ஏறு. எல்லாரும் கேக்கட்டும்!"

இந்தச் சரித்திரம் சொல்வதுதான் அந்த வீட்டு வழக்கம். பெண் கேட்டு வருகிறவன், ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பல்கலைக்கழகங்களின் பகைக் கதையைத் தொடக்கத்திலிருந்து ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால் பெண்ணும் உண்டு, மைதானத்தில் மெர்ல் குடும்பத்து வரிசையில் ஓர் இருக்கையும் உண்டு. வீட்டு ஆட்கள் நாலு பேர் முன்னால் முணுமுணுத்து முடித்துவிடலாம் என்றுதான் நோலன் நம்பியிருந்தான். இப்போது சாக்ஸை மறைக்கப் போய் மேடை கிடைத்துவிட்டது.

"ஏன்டா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டே?" என்றாள் பெத்தனி.

"உளறிட்டேன். இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. கொக்குன்னா நாம. கழுதைன்னா அவங்க."

நோலன் பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏறினான். கீழே பச்சைக் கூட்டம் பீர் டப்பாவும் ரொட்டியுமாக நெருங்கியது. அவனுக்குச் சரித்திரம் தெரியாமல் இல்லை; அதுதான் சங்கடமே. தண்ணீர் பட்ட பாடாகத் தெரியும், ஆனால் ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து. ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் தலைகீழாகப் புரட்டித்தான் வெளியே விட வேண்டும்.

"முதல் ஆட்டம் சோளக்காட்டுல நடந்துச்சு. நாங்க... அதாவது கொக்குங்க... ஜெயிச்சாங்க. ஜெயிச்சோம்!"

"ஹோ!" என்றது கூட்டம்.

"அப்புறம் கழுதைங்க வந்து நம்ம தேவாலய மணியைத் திருடிட்டுப் போனாங்க."

அந்தக் கரையில் இதை 'மணியை மீட்ட வீரம்' என்பார்கள். நோலனே மாணவனாக இருந்தபோது அதற்கென்று ஒரு பாட்டுப் பாடியிருக்கிறான். இப்போது "திருட்டுப் பசங்க!" என்று கூட்டத்தோடு சேர்ந்து கத்தினான். மனசு குத்தியது. ஆனாலும் கதை சீராக ஓடியது. பெத்தனி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நோலனுக்குத் தைரியம் வந்தது. எப்போதுமே அவனுக்கு ஆபத்து அங்கேதான்.

"அப்புறம்தான் அந்தப் பனி ஆட்டம்! கண்ணு தெரியாத பனி. ரெண்டு பக்கமும் சமம். கடைசி உதை. நனைஞ்ச பூட்ஸ் கனக்குதுன்னு கழட்டி வீசிட்டு, வலது காலால, வெறுங்காலால, ஓங்கி ஒரே உதை! பந்து கம்பத்துக்கு நடுவுல போச்சு. ஊரே பார்த்துச்சு. அந்த நடுவர் மட்டும் கண்ணுல பனி விழுந்துடுச்சுன்னு சொல்லி இல்லேன்னுட்டான்! அநியாயம்! அன்னிக்கு ஜெயிச்சது நாங்கதான்!"

இந்தத் தடவை 'ஹோ' வரவில்லை. அடுப்பில் சாசேஜ் மட்டும் சீறியது.

பக்கத்துக் கூடாரத்து டுவைட், ஆள் ஆறடிக்கு மேல், மெதுவாகக் கேட்டார். "தம்பி, அன்னிக்கு உதைச்சது கழுதை. யாருப்பா 'நாங்க'?"

நோலனுக்கு வேர்த்து ஊற்றியது. முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தான். கழுதை இரண்டு கன்னத்திலும் பல்லை இளித்தது. கைக்குட்டை இன்னொரு பையில் இருந்தது.

பெத்தனி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, என்று நோலன் கீழே இறங்கக் காலை எடுத்தான். மெர்ல் எடுத்துக் கொடுப்பதற்குள் தன் கோட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

"பிரமாதம்!"

கத்தியது மெர்ல். இடுக்கியைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு வண்டியருகே வந்தார்.

"புரியலையா உங்களுக்கு? பையன் நடிச்சுக் காட்டறான்யா! கழுதைங்க அந்த ஆட்டத்தைச் சொல்லி இன்னும் எப்படிப் புலம்புதுங்கன்னு! அதுக்காகச் சாக்ஸ் வேற வாங்கிட்டு வந்திருக்கான் பாருங்க. எதிரி சாக்ஸ்ல மூக்கைத் துடைக்கறான்!"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. டுவைட் சிரித்த சிரிப்பில் பீர் புரையேறியது. "இன்னொரு வாட்டி! அந்த 'அநியாயம்' இன்னொரு வாட்டி!" என்று எல்லாரும் கேட்டார்கள். நோலன் மூன்று தடவை அநியாயம் என்று கத்தினான். மூன்று தடவையும் உண்மையாகத்தான் கத்தினான்.

"ஒரே ஒரு தப்பு," என்றார் மெர்ல், அவன் இறங்கக் கை கொடுத்தபடி. "வலது கால் இல்ல. இடது கால்."

அப்புறம் கூடாரத்துக்குள் போய், ஓரம் கிழிந்த ஒரு பச்சை மெத்தையை எடுத்து வந்தார். மைதானத்துப் பலகையில் போட்டு உட்காருகிற மெத்தை.

"எங்க மாமனார் எனக்குக் கொடுத்தது. இனிமே நீ வெச்சுக்கோ."

பெத்தனி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நோலன் மெத்தையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இந்த நல்ல மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்று இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. வரிசைக் கோடியில் மெர்ல் எழுந்து நின்று கழுதைகளை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தார். இந்தக் கோடியில் நோலனுக்கு அடுத்தாற்போல் பெத்தனியின் அம்மா ஆர்லீன். காலையிலிருந்து வாயே திறக்காமல் சூப் ஊற்றிக்கொண்டிருந்தவள்.

நோலனுக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, நான் ஒரு உண்மை சொல்லணும். மாமாகிட்ட சொல்லத் தைரியமில்லை. நான் டன்மோர்ல..."

"முதல்ல சாக்ஸைப் போடுங்க மாப்பிள்ளை, சளி பிடிக்கும்," என்றாள் ஆர்லீன், சூப்பை ஊதிக்கொண்டே. "எங்கப்பாவுக்குப் பயந்து அதே கழுதை சாக்ஸை முப்பது வருஷமா ரப்பர் பூட்ஸுக்குள்ள ஒளிச்சுப் போட்டுக்கிட்டு வர்ற மனுஷன், உங்களையா ஒண்ணு சொல்லப் போறாரு?"