போத்தனூர் அமெரிக்க ஸ்டாண்டு

போத்தனூரில் அந்தத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. கல்யாணம் ஏதுமில்லை, ஒரு மர ஸ்டாண்டைப் பார்க்க வந்த கூட்டம்.

பழைய மரச்சாமான் வியாபாரி திருமலைசாமி எங்கோ ஏலத்தில் பிடித்த அமெரிக்கச் சாமான் அது. மூன்று வளைந்த கால்கள், கடைந்தெடுத்த ஒற்றைத் தண்டு, மேலே வட்டப் பலகை. அடியிலுள்ள கொக்கியை விடுவித்தால் பலகை செங்குத்தாகச் சாயும். மூலையில் ஒதுக்கி வைக்கலாம். எவனோ ஒரு தச்சன் ஓர் ஆணிகூட அடிக்காமல் கால்களைத் தண்டில் அப்படிப் பொருத்தியிருந்தான். பாவம், பெயர் அவனுக்குக் கிடைக்கவில்லை.

"ஆணி இல்லீனா மனுசன் செஞ்சதாங்க? வெள்ளைக்காரச் சித்தரோட ஆவி உள்ளார இருக்குதுங்க" என்றார் திருமலைசாமி. வியாபாரி சாமியானார். மரத்துக்கு மஞ்சள் பூசப்பட்டது.

சாமி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்; பலகைமேல் கை வைத்துக் கேட்க வேண்டும். பலகை சாய்ந்தால் 'வேண்டாம்'. படித்தவர்களும் வந்தார்கள்; படிப்பு அவர்களைத் தடுக்கவில்லை.

மயிலாத்தாளுக்கு மார்பில் கட்டி. உடனே ஆபரேசன் என்றார் டாக்டர். பயந்துபோனவள் ஸ்டாண்டிடம் கேட்டாள். பலகை சாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் பதில் வாராவாரம் பூஜை என்றானது. பூஜை வேண்டுமா என்று கேட்டால் மட்டும் பலகை ஒருநாளும் சாய்ந்ததில்லை.

மகள் பிரத்யுஷா கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் அம்மாவோடு தானும் வந்தாள்.

"ஏனுங்க சாமி, ஆவி மரத்துக்குள்ளதானுங்க இருக்குது?"

"ஆமா அம்மணி."

"அப்ப அந்த ஜன்னலோரமா வெச்சுக் கேக்கறேனுங்க."

"நகத்தக்கூடாது கண்ணு. கோவிச்சுக்கும்."

"அமெரிக்காவுல இருந்து இங்க வந்தப்பக் கோவிச்சுக்கலீங்களா?"

பதில் வருமுன் அவள் தூக்கிவிட்டாள். ஸ்டாண்டு உயர்ந்தது. கூடவே சாமியின் வலது காலும் உயர்ந்தது. நாற்காலியோடு மல்லாந்தார். அவர் கால் பெருவிரலில் கட்டிய தூண்டில் நரம்பு, விரிப்புக்கடியில் ஓடி, தண்டின் பின்னால் ஏறி, பலகைக் கொக்கியில் முடிந்திருந்தது.

மயிலாத்தாள் அந்த நரம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தன நாளு என்ற உசுரு இந்தாளு கால் வெரல்லயா கண்ணு கட்டிக் கெடந்துது?"

பிரத்யுஷா ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

கூட்டம் கலையவில்லை. "இது டூப்ளிகேட்டுங்க. ஒரிஜினல் காங்கேயத்துல இருக்குதாமா" என்றார் ஒருவர். பலரும் போனை நீட்டி லொக்கேஷன் கேட்டார்கள்.

லொக்கேஷன் கேட்ட வாயால் 'எப்படி' என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், மகாஜனங்களே. அதற்குக் காணிக்கை கிடையாது.